'ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்!' - அடம்பிடிக்கும் தம்பியை வீட்டிலிருந்தே 10-வது எழுதவைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனா உங்க தம்பிக்கு வயித்து வலி வருதா? திங்கட்கிழமை காலையில யூனிஃபார்மைப் பார்த்ததும் முகம் மாறுதா? 'சும்மா நடிக்கிறான்'னு அப்பா சொல்றாரு, அம்மா கோயில்ல மந்திரிச்சுட்டு வர்றாங்க. நீங்க மட்டும் ராத்திரி படுத்துக்கிட்டு, 'வீட்டிலேயே படிக்க வழி இருக்கா'னு மொபைல்ல தேடிக்கிட்டு இருக்கீங்க. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏன்னா, எந்த வீட்டிலும் ஆன்லைன் ஃபார்ம் ஃபில் பண்றது அப்பா அம்மா இல்லை... அக்கா, அண்ணன்தான்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வழி இருக்கிறது. சட்டப்படி சரியான வழி, செலவும் குறைவு. ஆனால், அது எல்லாப் பிள்ளைக்கும் சரிப்பட்டு வராது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், வெளியே வரும்போது கையிலிருந்து நழுவும் விஷயங்களும் நிறைய. அதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முதலில், ஏன் போக மாட்டேங்கிறான்?

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. அதனால் வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகூட வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டே வரும். 9-ம் வகுப்பில்தான் முதல்முறையாகச் சுவரில் முட்டும். திடீரென்று டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், 'அடுத்த வருஷம் பப்ளிக்' என்ற மிரட்டல். 13, 14 வயதில் பல பிள்ளைகள் உடைவது இந்த இடத்தில்தான்.

என் தோழியின் தம்பிக்கும் இப்படித்தான் ஆச்சு. போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். நோட்டில் பாதிதான் இருக்கும். அதற்கு அடி, கிண்டல். வீட்டில் 'சோம்பேறி' பட்டம். கடைசியில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில், அவனுக்கு டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. எழுத்துகளை மூளை புரிந்துகொள்ளும் விதத்தில் வரும் சிக்கல்தானே தவிர, அறிவுக் குறைவு இல்லை. இப்படிப்பட்ட மாணவர்களுக்கு மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. அந்தப் பையன் ஸ்கூலைவிட்டு நிற்கவே இல்லை. தேவைப்பட்டது ஒரு சான்றிதழும், ஹெச்.எம்-மிடம் தைரியமாகப் பேச ஓர் அக்காவும்தான்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் காரணத்தைக் கண்டுபிடிங்க. கண் பார்வை, வாசிப்புச் சிக்கல், மனச்சோர்வு, யாரோ ஒரு சீனியர் செய்யும் தொல்லை, ஓர் ஆசிரியரின் வாய் என்று எதுவாகவும் இருக்கலாம். 18 வயது வரை உள்ளவர்களை இலவசமாகப் பரிசோதிக்க, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன. பள்ளி பற்றிய புகார், ஆலோசனைக்கு 14417. மனசு சரியில்லை, 'செத்துடலாம்போல இருக்கு' என்ற பேச்செல்லாம் வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாமல் 14416-க்கு அழையுங்கள். அடி, அத்துமீறல் என்றால் 1098. இதெல்லாம் சரிசெய்யக்கூடிய காரணம் என்றால், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றுவதே பல நேரங்களில் போதும்.

எல்லாம் பண்ணியாச்சு, அப்பவும் முடியலைங்கிறீங்களா? சரி, வாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலிருந்து படித்துத் தேர்வெழுத, அரசே இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது.

முதல் வாசல், நமக்கெல்லாம் பழக்கமான 'பிரைவேட்'. அதாவது, தனித்தேர்வர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வு. பள்ளியில் படிப்பவர்கள் எழுதும் அதே கேள்வித்தாள், அதே 5 பாடங்கள், 35 மார்க்கில் பாஸ். 8-ம் வகுப்பு முடித்து, பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது சயின்ஸ் பிராக்டிகலில். தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, மாவட்டக் கல்வி அலுவலகம் மூலம் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு நாளிதழின் மூலையில் சின்னதாக வரும். அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

இரண்டாவது வாசல், என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின்கீழ் வரும் தன்னாட்சி நிறுவனம். 1989-ல் 'நேஷனல் ஓபன் ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கி, 2002-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. சி.பி.எஸ்.இ. மாதிரி இதுவும் ஒரு போர்டு. 10-வதுக்கு 14 வயது, 12-வதுக்கு 15 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். தமிழ் வழியிலேயே 10-வது எழுதலாம்.

தடுமாறும் பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ். ஏன் வசதி என்றால், அதன் அமைப்பு அப்படி. 5 பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல்-மே ஒருமுறை, அக்டோபர்-நவம்பர் ஒருமுறை என வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஒருமுறை பதிவு செய்தால் 5 வருஷம் செல்லும். அதற்குள் 9 வாய்ப்புகள். இந்தமுறை இரண்டு பாடம், அடுத்தமுறை மூணு பாடம் என்று பிரித்து எழுதலாம். பாஸான பாடம் அப்படியே கணக்கில் நிற்கும். 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்து எழுதிக்கொடுக்கும் அசைன்மென்ட்டுக்கு 20 சதவீத வெயிட்டேஜ். ஏற்கெனவே வேறு போர்டில் எழுதி சில பாடங்களில் மட்டும் பாஸாகியிருந்தால், அதில் இரண்டு பாட மார்க்கை இங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பாடங்களையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரு மொழியாவது இருக்க வேண்டும், அதிகபட்சம் இரண்டு. மீதிக்கு மேத்ஸ், சயின்ஸ், சோஷியல் மட்டுமல்ல... ஓவியம், மனையியல், பிசினஸ் ஸ்டடீஸ், டேட்டா என்ட்ரி என்று பட்டியல் நீளும். 'ஐ, மேத்ஸே வேணாமா!' என்று தம்பி குதிப்பான். கொஞ்சம் பொறுங்க. மேத்ஸ், சயின்ஸ் இல்லாமல் 10-வது முடித்தால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப், பாலிடெக்னிக் பக்கம் போவது சிக்கலாகிவிடும். 14 வயதில் எடுக்கும் முடிவு 18 வயதில் வந்து இடிக்கும். என்னைக் கேட்டால், மேத்ஸை விடாமல் கடைசி முயற்சிகளுக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். 9 வாய்ப்பு இருக்கே!

செலவு எவ்வளவு?

சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தே சில ஆயிரங்களில் அடங்கிவிடும். புத்தகம் அவர்களே தருவார்கள், இணையத்திலும் இலவசம். தனித்தேர்வர் வழி இதைவிடவும் குறைவு. சமச்சீர் புத்தகம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பழசாகக் கிடைக்கும். பாடம் நடத்த கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, அதன் வீடியோக்கள் யூடியூபிலும் உண்டு. திக்‌ஷா ஆப்பைத் திறந்து பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். மாவட்ட மைய நூலகத்தில் சந்தா மிகக் குறைவு, ஃபேன் காத்தும் அமைதியும் இலவசம்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 'பாஸ் கியாரன்டி', '3 மாசத்துல 10-வது சர்ட்டிஃபிகேட்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருப்பார்களே... அங்கேதான் குடும்பங்கள் பல ஆயிரங்களை இழக்கின்றன. சிலர் பெயரே கேள்விப்படாத போர்டின் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் நீங்களே மொபைலில் அப்ளை செய்யலாம். ஆதார், பிறப்புச் சான்று, போட்டோ, படித்ததற்கான சான்று போதும். ஏஜென்ட் தேவையே இல்லை. ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வைக்க காசிருந்தால், அது மேத்ஸுக்குப் போகட்டும்.

எதையெல்லாம் இழக்கிறோம்?

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அரசுப் பள்ளியில் இருந்தால் மதிய உணவு, பஸ் பாஸ், புத்தகம், பிளஸ் ஒன்னில் சைக்கிள். இது கண்ணுக்குத் தெரியும் கணக்கு. தெரியாத கணக்கு இன்னும் பெரிசு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் வந்தது. அடுத்த வருஷமே இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 'புதுமைப்பெண்', ஆண்களுக்கு 'தமிழ்ப்புதல்வன்' திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய்க்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் தகுதி. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் அதில் உண்டு. மூணு வருஷ டிகிரிக்கு 36,000 ரூபாய். ஏழைக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

தமிழக அரசு வேலைதான் லட்சியம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் மாநில அரசுப் பணிக்கு இணையானதா என்பது இங்கே சர்ச்சையான விஷயம். சேர்வதற்கு முன்பே நடப்பு அரசாணையைப் பார்த்துவிடுங்கள். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், தனித்தேர்வர் வழிதான் நிம்மதி. மாநில போர்டின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழே கையில் வரும். டாக்டர் கனவு இருந்தால், ஓபன் ஸ்கூல் மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற பழைய தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

டி.சி-யை அவசரப்பட்டு வாங்காதீர்கள். என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கை உறுதியாகி, எண் கைக்கு வந்த பிறகு வாங்கலாம். சொல்லாமல் நின்றால் பள்ளி ஆவணத்தில் 'இடைநின்றவர்' கணக்கில் பெயர் போகும், ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அப்படி வந்தால் சண்டை போடாதீங்க. அது அவங்க கடமை, நல்ல விஷயமும்கூட. சேர்க்கைச் சான்றைக் காட்டுங்கள்.

வீட்டுல ஒருநாள் எப்படி இருக்கும்?

முதல் மூணு நாலு வாரம் தம்பி தூங்குவான். நிறையத் தூங்குவான். பயந்து வாழ்ந்த பிள்ளைக்கு அந்த ஓய்வு தேவை, திட்டாதீங்க. ஆனால், அது மூணு மாசமாக நீளக் கூடாது. அதன்பிறகு காலையில் இரண்டு மணி நேரம், மதியத்துக்குமேல் ஒன்றரை மணி நேரம் உருப்படியாகப் படித்தாலே போதும். ஸ்கூலில் அசெம்ப்ளி, அட்டெண்டன்ஸ், சத்தம் எல்லாம் கழித்தால் அவன் நிஜமாகப் படித்தது அதைவிட அதிகமாக இருந்திருக்காது.

மொபைல் பெரிய வில்லன். பாடமும் அதில்தான், ஃப்ரீ ஃபயரும் அதில்தான். முடிந்தால் பாட வீடியோவை டி.வி-யில் போடுங்கள். சாயங்காலம் கட்டாயம் வெளியே அனுப்புங்கள்... கபடியோ, கேரம் கிளப்போ, நூலகமோ. அவன் பேச்சுத்துணைக்கு நாலு பேர் இல்லையென்றால், படிப்பு தேறினாலும் பிள்ளை சுருங்கிப்போவான்.

'என்னம்மா, உன் பையன் ஸ்கூல் போகலையா?' தெருவே கேட்கும். 'ஓபன் ஸ்கூல்ல 10-வது எழுதுறான் அக்கா' என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் அவங்களும் விட்டுருவாங்க.

தம்பிக்குப் பதில் தங்கச்சி என்றால், எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம். வீட்டில் இருக்கும் பெண் பிள்ளையிடம் முதலில் துடைப்பம் வரும், அப்புறம் குட்டிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை வரும், 16 வயதில் 'நல்ல இடம் வந்திருக்கு' என்ற பேச்சு வரும். பையன் என்றால் மாமாவின் கடையில் 'சும்மா ரெண்டு மணி நேரம்' உட்காரச் சொல்வார்கள். அது எட்டு மணி நேரமாகும். உங்கள் வீடு அப்படிப்பட்டது என்று மனசுக்குத் தோன்றினால், எவ்வளவு மோசமான பள்ளியும் வீட்டைவிடப் பாதுகாப்பானதுதான். வேறு பள்ளியைத் தேடுங்கள். 8-ம் வகுப்பு முடித்து, கைவேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு அரசு ஐ.டி.ஐ-யில் சில தொழிற்பிரிவுகளும் உண்டு.

இல்லை, வீட்டில் எல்லோரும் ஒத்துழைப்பார்கள் என்றால், காலண்டரை எடுங்கள். என்.ஐ.ஓ.எஸ்-ஸில் வழக்கமாக மார்ச் நடுவில் தொடங்கும் சேர்க்கை, அடுத்த வருஷ ஏப்ரல் தேர்வுக்கு. செப்டம்பர் நடுவில் தொடங்குவது, அடுத்த வருஷ அக்டோபர் தேர்வுக்கு. தேதிகள் கொஞ்சம் முன்னபின்ன நகரும், அதனால் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மில் 5 பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும்போது மட்டும், மொபைலைத் தம்பி கையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மேத்ஸைப் பற்றி மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.