தெரு யாருடையது?

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மலையைப் பார்க்கிறார்கள், கோயிலைப் பார்க்கிறார்கள், பௌர்ணமியன்று போகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி நடந்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். நகரத்தின் வடபுறத்தில் வேலூர் சாலையில் வேங்கிக்கால் என்று ஓர் ஊர் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? பஸ்ஸின் ஜன்னல் வழியே ஏரியைக் கண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆயினும் வேங்கிக்காலைச் சாமானிய ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. 1989-ம் ஆண்டில் வட ஆற்காடு ஜில்லாவைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஒரு ஜில்லா அமைத்தார்கள். அந்த ஜில்லாவின் கலெக்டர் காரியாலயம் இருப்பது வேங்கிக்காலில்தான். ஒரு கிராமத்துக்கு இதைவிட வேறு என்ன கௌரவம் வேண்டும்?

ஆனால் கௌரவம் வந்தால் கூடவே தொல்லையும் வரும் அல்லவா? காரியாலயம் வந்தது; உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள்; மனைகள் பிரிக்கப்பட்டன; வயல் இருந்த இடங்களில் "நகர்"கள் முளைத்தன. இன்று வேங்கிக்கால் முழுக் கிராமமும் அல்ல. முழு நகரமும் அல்ல. தமிழ்நாட்டின் ஒவ்வொரு பட்டணத்தின் ஓரத்திலும் இப்படி ஓர் ஊர் இருக்கிறது. அத்தகைய ஊர்களின் ஆரோக்கியத்தை யார் காப்பாற்றுவது என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

பழைய நாட்களில் கிராமத்து வாய்க்காலைத் தூர் எடுப்பது யார் என்ற கேள்வி எழவில்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் வயல் காயும். வயல் காய்ந்தால் வயிறு காயும். ஆகவே ஊரார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாமே கிளம்பினார்கள். புதிய "நகர்"வாசிக்கு வாய்க்காலினால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. அவருக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. அரிசி கடையிலிருந்து வருகிறது. தம் வீட்டைக் கண்ணாடி போல் துடைத்து வைத்திருக்கிறார். துடைத்த அழுக்கை எங்கே கொட்டுகிறார் என்றால், வாய்க்காலில்! பெருமழை பெய்யும் வருஷங்களில் ஏரி நிரம்பி, உபரி நீர் வேலூர் சாலையிலேயே ஓடும்போதுதான் அங்கே ஒரு வாய்க்கால் இருந்த ஞாபகம் எல்லோருக்கும் வருகிறது.

வீடு நம்முடையது, சந்தேகமில்லை. தெரு யாருடையது?

இந்தக் கேள்வி புதியதல்ல. 1854-ம் ஆண்டில் லண்டன் நகரில் ஒரு வட்டாரத்தில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற டாக்டர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். சாவுகள் பெரும்பாலும் ஒரு தெருக் குழாயைச் சுற்றியே நேர்ந்திருப்பதைக் கண்டார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடும்படி செய்தார். நோய் வீட்டுக்குள் இருந்தது. நோயின் வேர் தெருவில் இருந்தது.

நம் நாட்டில் யாத்திரை ஸ்தலங்களுக்கும் வாந்திபேதிக்கும் இருந்த சம்பந்தத்தைப் பாட்டிமார் நன்கு அறிவார்கள். திருவிழா முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்களோடு நோயும் திரும்பிற்று. சென்னை மாகாணத்தில் 1922-ல் பொது சுகாதாரத்துக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. பிறகு ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த முதல் காங்கிரஸ் மந்திரிசபைக் காலத்தில், தாமே ஒரு டாக்டரான டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாயிருந்தபோது, 1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தாய் சேய் நலம் ஆகியவற்றோடு சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சுயராஜ்யம் வருவதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே, ஜனங்களின் ஆரோக்கியம் சர்க்காரின் கடமை என்று நம்மவர்கள் சட்டமாக எழுதி வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறவர் யார்? அவரைக் காண விரும்புவோர் ஒரு புதன்கிழமை காலையில் புறநகர்க் கிராமம் ஒன்றின் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியரைச் சுற்றி, குழந்தைகளின் கச்சேரி முழு சுருதியில் நடந்துகொண்டிருக்கும். ஊசி போட்டு முடித்த தாய்மார் உடனே எழுந்து போகக் கூடாது. அரை மணி நேரம் இருந்து போக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் சோறூட்டுவது, அடுத்த பிரசவம், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் விவாதத்துக்கு வருகின்றன.

சமவெளிப் பிரதேசத்தில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, ரத்தசோகைக்கு மாத்திரை கொடுப்பது, ஆபத்தான பிரசவத்தை முன்கூட்டியே கண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவிக்கு எழுதிக் கொடுப்பது எல்லாம் செவிலியரின் வேலை. இதன் பலன் என்ன? 2018-20 கணக்கின்படி இந்தியாவில் லட்சம் பிரசவங்களுக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். 2020-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. தமிழ்நாட்டில் அந்தத் தொகை 13. இந்த வித்தியாசத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கு உண்டு. வெயிலில் வீடு வீடாக நடந்த செவிலியர்களின் கால்களுக்கும் பங்கு உண்டு.

வைத்தியம் வீட்டைத் தேடிப் போகலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்ததும் சென்னைதான். க்ஷயரோகிகளை மலைக்காற்று வீசும் சானடோரியங்களில் மாதக்கணக்காக வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் நம்பியிருந்த காலம் அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஒரு பரிசோதனையில் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று: ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், வீட்டிலுள்ளவர்களுக்கும் அதனால் அதிக ஆபத்து இல்லை. அதன் பிறகு உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கே மாறிவிட்டது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் அந்த வழியில் வந்ததே. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. இப்படி வீடு வீடாகச் செல்லும் ஊழியரோடு ஒரு தெருவில் நாமும் நடந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், "ஆயா, மாத்திரை தீர்ந்துபோச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்கே தீர்றது, கண்ணு? உடம்புதான் நல்லா இருக்குதே, நிறுத்திப்புட்டேன்."

"நல்லா இருக்கறதே மாத்திரையாலதான், ஆயா!"

மூதாட்டி சிரித்தாள். ரத்தக் கொதிப்பு வலிக்காது; எரியாது; ஒருநாள் கையையும் காலையும் இழுத்துக்கொண்டு போகும்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். திண்ணையில் நடந்த அந்த இரண்டு நிமிஷ சம்பாஷணையின் விலை என்ன என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் புறநகரில் இந்த ஊழியருக்கு ஒரு கஷ்டம் உண்டு. பழைய கிராமத்தில் அவர் ஒவ்வொரு வீட்டையும் அறிவார். புதிய "நகரி"ல் வாடகைக்கு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள். பகலில் கதவு பூட்டியிருக்கிறது. கர்ப்பிணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுகிறாள். மக்கள்தொகைக் கணக்கு கடைசியாக முடிந்தது 2011-ல். அதற்குப் பின் முளைத்த வீடுகளெல்லாம் ஏட்டில் ஏறுவது எப்படி? குடியேறியதும் பால்காரரையும் கேபிள்காரரையும் தேடிக் கண்டுபிடிக்கிறோமே. செவிலியரிடமும் நம் வீட்டைப் பதிந்துகொள்ளலாகாதா?

செவிலியரால் செய்ய முடியாத காரியங்களும் உண்டு. அவற்றில் முதலாவது கொசு. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையில் பிறப்பதில்லை; நல்ல தண்ணீரில் பிறக்கிறது; பகலில் கடிக்கிறது. மூடியில்லாத மேல்தொட்டி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, ரெப்ரிஜரேட்டரின் பின்புறத்துத் தட்டு இவையே அதன் பிரசவ அறைகள். முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் வம்சம் அறுந்தது. தேய்ப்பது அவசியம்; சுவரில் ஒட்டிய முட்டைகள் தண்ணீரின்றி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கொசுப்புழு பார்க்க வந்த பணியாளரிடம் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், "எங்கள் வீட்டிலா? போய்ச் சாக்கடையைப் பாரப்பா!" என்றாராம். சற்று நேரத்தில் அவருடைய மணிபிளாண்டு ஜாடியிலிருந்தே ஒரு கரண்டி புழு எடுத்துக் காட்டப்பட்டது. ஏடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதில்லை. சாதாரணமாக நூறு, இருநூறு கஜம்தான். நம்மைக் கடிக்கும் கொசு நம் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் பிறந்த கொசு. தெருவில் ஒன்பது வீட்டார் சுத்தமாயிருந்து பத்தாவது வீட்டார் சும்மாயிருந்தால், பத்து வீட்டுக்கும் ஜுரம்தான்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். கிணற்றுக்கும் மலத்தொட்டியின் உறிஞ்சு குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டும் என்பார்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பது அடிதான்! நம் ஆழ்குழாய்க் கிணறு நம்முடைய தொட்டிக்கு விலகியிருந்தாலும், அடுத்த வீட்டுத் தொட்டிக்கு அருகில் இருக்கிறதே! அடித்தளம் பூசாமல் கட்டிய தொட்டி, "வருஷக்கணக்காக நிரம்பவில்லை" என்று பெருமைப்படத் தக்கதல்ல. அது பூமிக்குள் வடிந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். ஒழுங்காகக் கட்டிய தொட்டியை இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். எடுத்த கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். இரவில் ஏரிக்கரையில் அது கொட்டப்பட்டால் நாம் கொடுத்த கூலி நமக்கே விஷமாகத் திரும்பும். பொதுக் குடிநீரில் குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். அதைச் சோதிப்பதற்கு ஒரு சிறு குப்பியும் சில துளி மருந்தும் போதும்.

மூன்றாவது குப்பை. விடியற்காலையில் தள்ளுவண்டியுடன் வரும் தூய்மைக் காவலர்களிடம் மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. பிரிக்காமல் கொடுத்தால் யார் பிரிக்கிறார்கள்? அந்தப் பெண்களே கையால் பிரிக்கிறார்கள். உடைந்த கண்ணாடியும் ஊசிமுனையும் அவர்கள் கையில் குத்துகின்றன. காந்தியடிகள் நிர்மாணத் திட்டத்தில் கிராம சுகாதாரத்தையும் ஓர் அம்சமாகச் சேர்த்தது, வேறொருவர் நம் அழுக்கை எடுப்பதற்காக அல்ல.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆயிற்று. அண்டை ஊர்களை அதனுடன் சேர்ப்பது பற்றிய பேச்சும் எழுந்தது. வரி உயருமே என்று சிலர் அஞ்சினார்கள். குழாயும் சாக்கடையும் வருமே என்று சிலர் மகிழ்ந்தார்கள். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர்ப் பலகை மாறுவதால் மட்டும் வாய்க்கால் சுத்தமாவதில்லை. அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி, புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து நகரத்தில் ஒரு வீட்டின்மீது விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். தண்ணீருக்கும் மலைக்கும் நகராட்சி எல்லை தெரியாது.

ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்திலானால் பகுதி சபை. குடியரசு தினத்தன்று கொடியை வணங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் பலகாரம் சாப்பிடுகிறோம், சபைக்குப் போகிறோமா? போய் நான்கே கேள்விகள் கேட்டால் போதும். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? குழாய்முனையில் குளோரின் பார்த்தீர்களா? ஏரிக்குப் போகும் வாய்க்கால் எங்கெங்கே அடைந்திருக்கிறது? நம் வட்டாரத்துக்குச் செவிலியர் இருக்கிறாரா, அல்லது இடம் காலியாயிருக்கிறதா? பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அடுத்த சபையில் அதே நான்கு கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும்.

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் விளக்கு வேங்கிக்காலிலும் தெரிகிறது. தங்கள் வீட்டு வாசலிலும் அகல் ஏற்றி வைக்கிறார்கள். நம் குடும்பங்களில் வாசல் என்பது வீட்டோடு முடிவதில்லை. பெருக்கித் தெளித்துக் கோலமிடும்போது தெருவிலும் நாலு முழம் நம்முடையதாகிறது. ஒவ்வொரு வீட்டாரும் அந்த நாலு முழத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி, அடுத்த வீட்டுக் கோலத்தைத் தொடும்வரை கொண்டுபோனால், தெரு யாருடையது என்ற கேள்விக்கு இடமே இராது.