போர் முடிந்த பிறகு: உரிமை, ஆபத்து, நிவாரணம்

இலங்கையில் 1983 ஜூலையில் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அது விட்டுச்சென்ற சிக்கல்களில் மூன்று இன்னும் தீரவில்லை: காணாமல் ஆக்கப்பட்டோர், நிலம், குடியுரிமை. முதல் இரண்டும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் பிரச்சினைகள். மூன்றாவது, தேனி உட்படத் தமிழக மாவட்டங்களில் உள்ள மறுவாழ்வு முகாம்வாசிகளின் பிரச்சினை. மூன்றுக்கும் சட்டத்தில் ஓரளவு வழி உண்டு. ஆனால் ஆவணம் இல்லாதவருக்கும் கெடுவைத் தவறவிட்டவருக்கும் அந்த வழி அடைபட்டுவிடும்.

காணாமல் ஆக்கப்பட்டோர்

உறவுகளைத் தேடும் குடும்பங்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், முறைப்பாடுகளைப் பெற்று விசாரிக்கிறது. குற்றவாளியைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. குடும்பங்களின் அவநம்பிக்கைக்கு இது முக்கியக் காரணம். அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டத் திருத்தத்தால், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே அவரது சொத்து, வங்கிக் கணக்கு தொடர்பான வேலைகளைக் குடும்பத்தார் கவனிக்க இது உதவும்.

நிலமும் கண்ணிவெடியும்

இராணுவம் பிடித்த நிலங்களில் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டுள்ளது. முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் மீதிக்காக 2017-இல் வீதியில் அமர்ந்தார்கள். தனியார் காணியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதைப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்த வேறொருவர் அதற்கு உரிமை கோர முடியும். உறுதிப்பத்திரம் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் சான்றிட்ட பிரதி பெறுவது முதல் வேலை. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாததால், எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களில் கால் வைக்கக் கூடாது.

கைதும் நீதிமன்றமும்

இவற்றோடு கைதும் ஒரு சிக்கல்: இலங்கையின் 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றச்சாட்டுப் பதியாமலே நீண்ட நாள் தடுத்து வைக்க இடம் தருகிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் கெடுவில் சேராது. கைதானவரை முன்னிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

தமிழக முகாம்களில்

இந்திய அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வெளிநாட்டவரின் உயிருக்கும் காப்பளிக்கிறது. 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025-இல் விலக்கு அளித்தது. இது குடியுரிமை ஆகாது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது.

1987 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் எந்த நாட்டுக் குடிமகனும் அல்லாத நிலை ஏற்படலாம். அகதியை வற்புறுத்தித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சர்வதேச நெறி. தாமாக விரும்பித் திரும்புவோரும், முன்பு கடவுச்சீட்டு இன்றி வெளியேறியவர் என்றால், வழக்கறிஞரைக் கேட்டபிறகே புறப்பட வேண்டும். 2025-இல் திரும்பியவர்களில் கைதானவர்களும் உண்டு.

தேனி மாவட்டத்தில், கூடலூர் அடங்கிய உத்தமபாளையம் வட்டத்தின் சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி வழியே 15100 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பிறப்புச் சான்று, முகாம் பதிவு அட்டை, காணிப் பத்திரம் மூன்றையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவதை ஒவ்வொரு குடும்பமும் இப்போதே செய்துகொள்ள வேண்டும்.