கேட்கக் கூடாத கேள்வி

செயற்கைக்கால் மாற்றுவதற்காக ஒரு சகோதரியைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இரவு தங்க அறை கேட்டபோது, விடுதிக்காரர் அடையாள அட்டையைப் பார்க்கும் முன்பே, "காலுக்கு என்ன நடந்தது? எந்த இடத்தில்? எந்த வருடம்?" என்று தொடங்கிவிட்டார். கிடைத்த அறையோ மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை. படியேறும்போது அவள், "எத்தினை பேருக்கு அக்கா இதையே சொல்லுறது?" என்றாள்.

அந்த வார்த்தை மனதில் கிடந்ததால்தான் அமெரிக்கச் சட்டமொன்று என் கவனத்தில் பட்டது. அங்கே வலுவிழந்தோர் சிலர் பயிற்றப்பட்ட உதவி நாயுடன் பயணம் செய்கிறார்கள். விழிப்புலனற்றவருக்கு அது வழிகாட்டும். காது கேளாதவருக்குக் கதவு தட்டப்படுவதை உணர்த்தும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கும். இந்த நாய்களின் கதையிலும் போர் இருக்கிறது: முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த படையினருக்காகவே 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பாடசாலை தொடங்கப்பட்டது.

அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நாய் எதற்கென்று பார்த்தவுடன் விளங்காவிட்டால், விடுதிக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். வலுவிழப்பின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பயிற்றப்பட்டது? அவ்வளவுதான். உங்களுக்கு என்ன குறை, எப்படி வந்தது என்று கேட்க முடியாது. சான்றிதழும் கேட்க முடியாது. செல்லப்பிராணிக்கான மேலதிகக் கட்டணம் அறவிட முடியாது. இன்னொருவருக்கு நாய் பயம், ஒவ்வாமை என்று அறையை மறுக்கவும் முடியாது.

நாயுடன் வருபவருக்கும் பொறுப்புண்டு. அதை அறையில் தனியே விட்டுச் செல்லக் கூடாது. கட்டுக்கடங்காவிட்டால் நாயை வெளியேற்றச் சொல்லலாம். சாதாரண வளர்ப்பு நாயைப் பொய் சொல்லிக் கொண்டுவருவோரும் இருக்கிறார்கள்தான். ஆனாலும் அதற்காக எல்லோரிடமும் கதை கேட்காமல் விட்டது சரியென்றே எனக்குப் படுகிறது.

நமது நாட்டில் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களில் சாய்வுப்பாதை, மலசலகூடம் போன்ற வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. பழைய விடுதிகள் பலவற்றில் இன்னும் படிகள்தான்.

இப்போது புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுகிறோம்: கீழ்மாடியில் அறை உண்டா, வாசலில் எத்தனை படி, கொமட் இருக்கிறதா, குளியலறையில் பிடிகம்பி இருக்கிறதா? சென்ற முறை அந்தச் சகோதரியே பேசினாள். மறுமுனையில் ஏன் என்று கேட்டார்கள் போலும். "எனக்குக் கீழ அறைதான் வேணும், இருக்கா இல்லையா?" என்றாள். இருந்தது.