இரைப்பை அமிலமும் குடலின் கார்பன் டை ஆக்சைடு அளவீடும்

பலத்த காயத்தாலோ கடுமையான கிருமித்தொற்றாலோ உடலின் இரத்த ஓட்டம் குன்றும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் குறைவு நேராதபடி, குடலுக்குச் செல்லும் இரத்தமே முதலில் சுருக்கப்படுகிறது. ஆகவே, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இயல்பாகத் தோன்றும் நேரத்திலும், குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் ஆக்சிஜன் போதாமல் நலிந்துகொண்டிருக்கக்கூடும். இந்த நலிவை முன்கூட்டியே அறியும் நோக்கில் உருவானதே இரைப்பை டோனோமெட்ரி. 1980களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபிடியன்-கிரீன் இதனைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுவருவதில் முன்னின்றார்.

மூக்கின் வழியே இரைப்பைக்குள் செலுத்தப்படும் குழாயின் நுனியருகே, வாயுவை ஊடுருவ விடும் சிறிய சிலிக்கோன் பலூன் பொருத்தப்பட்டிருக்கும். அதில் உப்புநீரை நிரப்பிக் காத்திருந்தால், சவ்வுகளை எளிதில் கடக்கும் கார்பன் டை ஆக்சைடு சளிப்படலத்திலிருந்து இரைப்பையின் உள்வெளிக்கும், அங்கிருந்து பலூனுக்கும் பரவி, மூன்றிடத்திலும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தை எட்டும். ஆக்சிஜன் கிடைக்காத திசுக்களில் அமிலம் சேர்கிறது. அதை இரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் முறிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. ஓட்டம் தளர்ந்த இரத்தத்தால் அதை அள்ளிச்செல்ல இயலாததால் பலூனில் அழுத்தம் உயர்கிறது.

சிக்கலும் இங்கேயே இருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சளிப்படலமே சுரக்கும் பைகார்பனேட்டுடனும், விழுங்கிய உமிழ்நீருடனும், சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து மேலேறி வரும் கணையநீருடனும் கலக்கும்போது, ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாறு விழுந்தாற்போல, அதே வேதிவினை நிகழ்ந்து அதே வாயு வெளிப்படுகிறது. வாயு நலிந்த திசுவிலிருந்து வந்ததா, நலமான இரைப்பையின் அமிலத்திலிருந்து வந்ததா என்பதைப் பலூன் பிரித்தறியாது.

இந்தப் பிழை சிறியதன்று. உடல் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர்மத்தில், ஒவ்வொரு மி.மீ. பாதரச அழுத்தத்துக்கும் சுமார் 0.03 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு கரைகிறது. எனவே, லிட்டருக்கு 1 மில்லிமோல் பைகார்பனேட் அமிலத்தால் முறிந்து, பிறந்த வாயு வெளியேறாமல் தங்கினால், அழுத்தம் ஏறத்தாழ 33 மி.மீ. உயரும், தமனி இரத்தத்தின் இயல்பான அளவே சுமார் 40 மி.மீ.தான். கணையநீரிலோ பைகார்பனேட் லிட்டருக்கு 100 மில்லிமோலையும் கடக்கக்கூடும். பிறந்த வாயுவில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து அகன்றுவிடுவதால் உண்மையான உயர்வு இதைவிடக் குறைவு என்றாலும், நலமானவரை நோயாளி எனக் காட்ட அது போதும்.

தொடக்கத்தில் இந்த அழுத்தத்தையும் தமனி இரத்தத்தின் பைகார்பனேட் அளவையும் சேர்த்து, சளிப்படலத்தின் அமிலத்தன்மை கணக்கிடப்பட்டது. பின்னர், இரைப்பைக்கும் தமனிக்கும் இடையிலான கார்பன் டை ஆக்சைடு அழுத்த வேறுபாட்டை மட்டும் பார்ப்பதே மேல் எனக் கொள்ளப்பட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே, ஆனால் அமிலத்தால் விளையும் பிழை வேறுபாட்டிலும் அப்படியே தங்கிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

அமிலச் சுரப்பை அடக்குவதே நேரான மருந்து. 1990களின் தொடக்கத்தில் நலமுள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில், ரானிடிடின் கொடுத்தபின் இரைப்பையின் கார்பன் டை ஆக்சைடு அளவு குறைந்தது. அவர்களுக்கு இரத்த ஓட்டக் குறை ஏதும் இல்லாததால், குறைந்த பங்கு அமிலத்தால் விளைந்ததே என்பது தெளிவாயிற்று. அமிலச் சுரப்பை அடக்க இன்று பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. எனினும் மருந்து கொடுத்ததாலேயே அமிலம் அடங்கிவிட்டது எனக் கொள்ளாமல், இரைப்பை நீரை உறிஞ்சி எடுத்து அதன் பிஎச் அளவையும் பார்க்க வேண்டும். உணவு அமிலச் சுரப்பைத் தூண்டுவதால், உணவூட்டலையும் முன்னதாக நிறுத்துவது நல்லது. அமிலத்தைத் தவிர்க்கப் பெருங்குடலில் பலூனை வைத்தாலோ, அங்குள்ள நுண்ணுயிரிகளின் நொதித்தலும் இதே வாயுவை உண்டாக்குகிறது.

இரைப்பை நீரின் பிஎச், கொடுத்த மருந்து, கடைசியாக உணவூட்டிய நேரம் ஆகிய மூன்றும் குறிக்கப்படாத டோனோமெட்ரி அளவீட்டை, குடலின் இரத்த ஓட்டக் குறைக்குச் சான்றாக ஏற்க முடியாது.