மத்தியை நோக்கிய அழைப்பும் மூன்றாவது கட்சியின் கதியும்

பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் கட்சி 2005 டிசம்பர் 6 ஆம் திகதி 39 வயதான டேவிட் கமரூனைத் தனது தலைவராகத் தெரிவு செய்தது. 2001 ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றத்துக்குள் பிரவேசித்த ஒருவர், அனுபவத்தில் தன்னிலும் மூத்தவரான டேவிட் டேவிஸை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்கடித்தார். எமது வாசகர்கள் கமரூனை 2013 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு விஜயம் செய்த பிரதமராகவே பெரிதும் அறிவர். பிரித்தானிய அரசியலிலோ, தலைவரான சில நாட்களுக்குள் அவர் விடுத்த ஓர் அழைப்பின் விளைவுகள் நீண்டகாலம் தொடர்ந்தன. லிபரல் ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்களும் உள்ளூராட்சி உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் தம்முடன் வந்து இணைய வேண்டுமென்பதே அந்த அழைப்பாகும்.

அதற்கான தேவை அவருக்கு இருந்தது. 1997, 2001, 2005 என மூன்று பொதுத்தேர்தல்களில் அவரது கட்சி அடுத்தடுத்துத் தோல்வி கண்டிருந்தது. வில்லியம் ஹேக், இயன் டங்கன் ஸ்மித், மைக்கல் ஹவாட் ஆகிய மூன்று தலைவர்களும் வரி, குடிவரவு, ஐரோப்பா என்ற பழைய பல்லவியையே பாடினர். கட்சியின் விசுவாசிகளுக்கு அது இனித்தது. ஏனையோரை அது ஈர்க்கவில்லை. கட்சியின் வாக்கு வீதம் 2001 இல் 31.7 ஆகவும் 2005 இல் 32.4 ஆகவும் இருந்ததே இதற்குச் சான்று. மத்திய தளத்தை டொனி பிளேயர் ஏற்கனவே கைப்பற்றியிருந்தார்.

பிளேயர் மீது அதிருப்தி கொண்டவர்கள் அப்போது சார்ள்ஸ் கென்னடியின் லிபரல் ஜனநாயகக் கட்சியை நாடினர். ஈராக் யுத்தத்தை எதிர்த்து நின்ற பிரதான கட்சி அதுவே. யுத்தம் தொடங்கிய 2003 ஆம் ஆண்டிலேயே லண்டனின் பிரென்ற் கிழக்குத் தொகுதியை இடைத்தேர்தலில் தொழிற்கட்சியிடமிருந்து அது பறித்தது. வழமையாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்த முஸ்லிம்களில் கணிசமானோர் அந்நாட்களில் அதன் பக்கம் திரும்பினர். 2005 இல் அக்கட்சி பெற்ற 62 ஆசனங்கள், லிபரல்கள் 1923 க்குப் பின்னர் பெற்ற மிக அதிகமான எண்ணிக்கையாகும்.

யுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த கமரூன் இவர்களை எவ்வாறு அழைக்க முடிந்தது? யுத்தத்தை அவர் ஒதுக்கி வைத்தார். சுற்றாடல், உள்ளூராட்சிக்கான அதிகாரம், சிவில் உரிமைகள் ஆகியவற்றில் இரு கட்சிகளுக்குமிடையே வேறுபாடில்லை என்றார். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. பயங்கரவாதச் சந்தேக நபர்களைக் குற்றச்சாட்டின்றி 90 நாட்கள் தடுத்து வைக்கும் பிளேயரின் யோசனை 2005 நவம்பரில் 322 க்கு 291 என்ற வாக்குகளால் முறியடிக்கப்பட்டபோது, இவ்விரு கட்சிகளும் ஒரே பக்கத்திலேயே நின்றன.

எனினும் இந்த அழைப்பைக் கொள்கை உறவாக மாத்திரம் கொள்வது பேதைமை. ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்ற பிரித்தானியத் தேர்தல் முறையை நாமும் 1977 வரை அனுபவித்தோம். அந்த ஆண்டில் சுமார் 30 வீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 168 இல் எட்டு ஆசனங்களே கிடைத்தன. பிரித்தானியாவில் 1983 இல் லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணி 25.4 வீத வாக்குகளுக்கு 23 ஆசனங்களைப் பெற, 27.6 வீதம் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 கிடைத்தன. இத்தகைய முறையில் மூன்றாவது கட்சி சில தொகுதிகளில் ஆழ வேரூன்றினால் மாத்திரமே உயிர்வாழலாம். தென்மேற்கு இங்கிலாந்தில் லிபரல்கள் அவ்வாறு வேரூன்றியிருந்தனர். அங்கு அவர்களின் பிரதான போட்டியாளர் கன்சர்வேட்டிவ் கட்சியே. ஆகவே, பெரிய கட்சியின் கடுமையைக் காட்டிலும் அதன் கனிவே அவர்களுக்கு ஆபத்தானது. கன்சர்வேட்டிவ் கட்சி வெறுக்கத்தக்கதாக இருக்கும்வரை மிதவாத வாக்காளர் லிபரல்களிடம் தங்குவர். அது புன்னகைக்கத் தொடங்கினால் தங்குவதற்குக் காரணம் குறைந்துவிடும். துருவப் பனிப்பாறைக்குச் சென்று நாய்வண்டியில் கமரூன் படம்பிடித்துக் கொண்டதைப் பலர் எள்ளி நகையாடினர். ஆனால் அந்தப் படம் யாருடைய கண்களுக்காக எடுக்கப்பட்டது என்பது லிபரல்களுக்கு நன்கு விளங்கியிருக்க வேண்டும்.

அழைப்பை ஏற்றுப் பெருந்தொகையானோர் உடனடியாகக் கட்சி மாறவில்லை. கென்னடி மதுப்பழக்கத்தை ஒப்புக்கொண்டு 2006 ஜனவரியில் பதவி விலகினார். மென்சிஸ் கம்பெல் தலைமையேற்று மறு ஆண்டே விலக, 2007 டிசம்பரில் நிக் கிளெக் தெரிவானார். சந்தைப் பொருளாதாரத்துக்கு நெருக்கமான கிளெக்கும் கமரூனும் ஏறத்தாழச் சமவயதினர். பேச்சும் தோற்றமும் கூட ஒத்தவையே. 2010 மே தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாதபோது, 57 ஆசனங்களுடன் கிளெக் கூட்டரசாங்கத்தில் இணைந்து பிரதிப் பிரதமரானார்.

தேசிய அடையாள அட்டைத் திட்டம் கைவிடப்பட்டமை, வருமான வரி விலக்கு வரம்பு உயர்த்தப்பட்டமை போன்ற சில பலன்களை அவர் பெற்றதை மறுக்கலாகாது. ஆனால் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்பதாகக் கையொப்பமிட்டு வாக்குறுதியளித்த அவரது கட்சியில், 2010 டிசம்பரில் உச்ச வரம்பு 9,000 பவுணாக உயர்த்தப்பட்டபோது 28 உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகவும் 21 பேர் எதிராகவும் வாக்களித்தனர். கட்சியின் பெயர் கெட்டது அன்றுதான். தேர்தல் முறையை மாற்றுவதற்கான 2011 சர்வஜன வாக்கெடுப்பில் 67.9 வீதத்தினர் அதை நிராகரித்தனர். கமரூனின் கட்சி அந்த மாற்றத்துக்கு எதிராகவே பிரசாரம் செய்தது. 1997 க்கு முன் பிளேயரும் லிபரல் தலைவர் பெடி அஷ்டவுணுடன் இதேபோன்று நெருங்கிப் பழகினார். 179 ஆசனப் பெரும்பான்மை கிடைத்ததும், தேர்தல் சீர்திருத்தம் பற்றிய ஜென்கின்ஸ் ஆணைக்குழுவின் 1998 ஆம் ஆண்டு அறிக்கை கிடப்பில் போடப்பட்டது.

2015 இல் லிபரல்களுக்கு எஞ்சியவை எட்டு ஆசனங்களே. இழந்தவற்றுள் 27 ஐ முன்னாள் பங்காளியே எடுத்துக்கொண்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் விடுத்த அழைப்பு இவ்வாறு நிறைவேறியது எனலாம். எனினும் பங்காளியற்ற தனிப் பெரும்பான்மை கமரூனுக்கு வாய்ப்பாக அமையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தொடர்பான தமது வாக்குறுதியைத் தட்டிக் கழிக்கக் காரணம் எதுவுமின்றி 2016 இல் சர்வஜன வாக்கெடுப்பை நடத்தி, அதில் தோல்வியுற்றுப் பதவியை இழந்தார்.

அதன் பின்னர் வலதுபுறமாக வெகுதூரம் சென்ற கன்சர்வேட்டிவ் கட்சி 2024 ஜூலைத் தேர்தலில் 121 ஆசனங்களாகச் சுருங்கியது. எட் டேவி தலைமையிலான லிபரல் ஜனநாயகக் கட்சி 72 ஆசனங்களை வென்றது. கமரூன் 15 ஆண்டுகள் பிரதிநிதித்துவம் செய்த விட்னி தொகுதியும் அவற்றுள் ஒன்று.