எச்சிலில் புற்றுநோய்ச் சோதனை: ஏலமலைத் தொழிலாளர் அறிய வேண்டியவை

எச்சிலில் கலந்திருக்கும் புற்றுநோய்க் குறிகாட்டிகளை ஒளியின் துணையால் கண்டறிவது ஒளியியல் உயிரியுணரி. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தங்கப் படலம். அதன் மேல், தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள். எச்சில் துளியிலிருந்து அந்தப் புரதம் வந்து ஒட்டியதும், தங்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மங்கும் கோணம் இம்மியளவு நகரும். அந்த நகர்வைக் கொண்டே புரதத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. வாய்ப்புற்று நோயாளிகளின் எச்சிலில் இன்டர்லூகின்-8 என்ற புரதம் மிகுந்திருப்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினர். ஆனால் ஈறு வீங்கினாலும் அதே புரதம் கூடும். ஆகவே இச்சோதனை மட்டுமே நோயை உறுதிசெய்துவிடாது.

விடியுமுன் ஜீப் ஏறி, முந்தல், போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் போடிநாயக்கனூர்த் தொழிலாளர் பலருக்கு, வெற்றிலை பாக்குடன் புகையிலையையும் கொடுப்பில் அடக்கிக்கொண்டே காய் எடுக்கும் பழக்கம் உண்டு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. கன்னத்தின் உட்புறம் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலம் கடத்தக் கூடாது. வாயைச் சோதித்துக்கொள்ள மேலே சொன்ன நவீனக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

முப்பது வயது கடந்தவர்களுக்கு அரசு வாய்ப் பரிசோதனை இலவசம். சுகாதாரப் பணியாளர் பகலில் தேடி வரும்போது வீடு பூட்டியிருக்கும் என்பதுதான் இங்குள்ள பெரிய சிக்கல். வேலையில்லாத நாளில் போடி அரசு மருத்துவமனைக்குச் சென்று கேட்டுப் பெறலாம். சந்தேகம் இருந்தால் அடுத்த இடம் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் நோயை உறுதிசெய்யும். தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைப் பெறுவது நோயாளியின் உரிமை.

எச்சில் கொடுத்தாலே புற்றுநோய் தெரிந்துவிடும் என்று யாரேனும் பணம் கேட்டால், 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் உண்டா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது.