முற்றத்தை மூடாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. திண்ணை, ரேழி, நடுவே முற்றம், பின்கட்டில் கிணறு. இந்த வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து அப்படிப்பட்ட வீடுகளில் ஏறி இறங்கியவன் நான். அவற்றைக் கட்டிய கொத்தனார்களுக்குப் பொது சுகாதாரம் தெரிந்திருந்தது. முற்றத்து வெயில் தரையைத் தொடும். வெப்பக் காற்று மேலே போக, வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று வருகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். இந்த வீடுகளையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

தொண்ணூறுகளில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் உற்பத்தியைத் தொடங்கியது. வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ரூம் வேண்டும். முற்றத்தின் மேல் தகர ஷீட் விழுந்தது, கூடம் பிளைவுட் தடுப்புகளால் அறைகளானது. ஒரு ஷிஃப்ட் எழுந்த பாயில் அடுத்த ஷிஃப்ட் படுக்கிறது. பீகார், ஒடிசா பையன்களும் நம் தென்மாவட்டத்துப் பையன்களும் அந்த அறைக் காற்றைத்தான் மாறி மாறிச் சுவாசிக்கிறார்கள்.

காசநோய்க் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் அடைத்த அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் பட்டால் கிருமி சாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம், மாத்திரைக்கும் காசில்லை. பெயர் நிக்‌ஷய் இணையப் பதிவில் ஏறிவிட்டால், பாதியில் சொந்த ஊருக்குப் போனாலும் அங்கேயே தொடரலாம். ஆனால் ரூமை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் இருமலை மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியவர் வீட்டுக்காரர்.

அடுத்தது டிரம். லாரித் தண்ணீரைப் பிடித்து மூடாமல் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாகிப் பறக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவேண்டும். பின்கட்டுக் கிணற்றைக் குப்பை போட்டு மூடவும் வேண்டாம், ஊராட்சியில் கேட்டால் கம்பூசியா மீன் விடுவார்கள். அது கொசுப் புழுவைத் தின்னும். குடிநீரையும் கவனியுங்கள்: டேங்க் ஆபரேட்டர் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கிறாரா என்று கேளுங்கள். தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1939இலேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது, கொசு ஒழிப்பும் ஆள் நெருக்கடியும் அதில் உண்டு. ஆனாலும் 2021 டிசம்பரில் ஒரு பெண்கள் விடுதியின் சாப்பாடு நஞ்சாகி, தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் விடுதிச் சமையலறைகள் நம் கண்ணில் பட்டன. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறந்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். மற்றவர்கள் இன்னும் ரூம்களில்தான் இருக்கிறார்கள்.

கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். பேச்சுலர் ரூம் அதில் எளிதில் விட்டுப்போகும். ஆகவே வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எந்த ஷிஃப்ட், எப்போது வந்தால் விழித்திருப்பார்கள் என்று செவிலியரிடம் நீங்களே சொல்லுங்கள். முற்றத்துத் தகரத்தைப் பிரித்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். வாடகையில் ஒரு ரூம் குறையும். குறையட்டும்.